வேண்டாம் என்று சொன்ன மெத்தை

என் கணவர் பூவரசன் இருபத்து நான்கு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அரியலூர் டிப்போவில் கண்டக்டர். தோல்பையை மாட்டிக்கொண்டால் டூட்டி முடிகிறவரை முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். அவருக்கென்று ஒரு சீட் உண்டு. அதில் யாராவது கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருப்பாள். "கண்டக்டர் உக்காந்துட்டா பஸ்ஸே உக்காந்துடும்" என்பார்.

அரியலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு போகும் ஹால்ட் பஸ் அவருடையது. ராத்திரி கடைசி ட்ரிப்பில் போய்ச் சேர்ந்தால் பஸ் அங்கேயே நிற்கும். விடியற்காலை அதே பஸ் முதல் ட்ரிப்பாகத் திரும்பும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி. ஆகையால் படுக்கை விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்றே நானும் நினைத்திருந்தேன், அவரும் நினைத்திருந்தார். பானெட்டின் சூடு ராத்திரி ஒரு மணிவரை இறங்காது, அதனால் முன்பக்கம் படுக்கக்கூடாது. கடைசி நீள சீட்டில் ரெக்சின் முதுகில் ஒட்டும். இரண்டு பக்கச் சீட்டுகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையில் தண்ணீர் தெளித்துக் கோரைப்பாய் விரித்தால் நான்கு மணிநேரம் நிம்மதி. சித்திரை, வைகாசியில் அதுவும் போதாது, பஸ் கூரைமேல் ஏறிவிடுவார்கள். இதையெல்லாம் வருகிற புது ஆட்களுக்கு அவர் பாடமாகவே சொல்வதுண்டு.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு மலையை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், நடந்தே.

எங்கள் அரியலூரில் மலை கிடையாது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள்தான் உண்டு. குன்னம் பக்கம் பஸ் போகும்போது, மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால், மேற்கே பச்சைமலை நீலக் கோடாகத் தெரியுமாம். நாலைந்து நிமிஷம் தெரியும், பிறகு ரோடு திரும்பிவிடும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் சொல்வார்.

"அதுக்கு அந்தாண்ட என்ன இருக்கும் பானு?"

"துறையூர் இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? மேல ஏறி நின்னு பாத்தா எப்படி இருக்கும்னு கேக்கறேன்."

கல்யாணமான புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு பச்சைமலைக்குப் போனார். பஸ்ஸிலேயே மேலே போனோம், பஸ்ஸிலேயே இறங்கினோம். திரும்பி வரும் வழியெல்லாம் முகம் வாடிக் கிடந்தது. "பஸ்ஸு ஏறுனா அது மலை இல்ல பானு. அதுவும் ரோடுதான்" என்றார். அதன்பின் மகள் பிறந்தாள், எனக்கு செந்துறை தபால் ஆபீஸில் வேலை கிடைத்தது, வீடு கட்டினோம். ஆசை எங்கேயும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் போனில் பனிமலை வீடியோக்களைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நடக்கிறவர்களின் முதுகுப் பைகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

லப்பைக்குடிக்காட்டில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு, அப்துல் சலாம். பதினெட்டு வருஷம் ஓமானில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே வெள்ளிக்கிழமை லீவில், உடன் வேலை பார்த்தவர்களோடு மொட்டைப் பாறைமலைகளில் ஏறிப் பழக்கம். சர்க்கரை வந்தபிறகு டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு வெள்ளாற்று மணலில் தினமும் நடந்துகொண்டிருந்தார். பஸ் போய் நின்றதும் சலாம் அண்ணன் ஃபிளாஸ்கில் டீயோடு வருவார். இருவரும் பஸ் படியில் உட்கார்ந்து போனில் மலை பார்ப்பார்கள். டிரைவர் கருப்பண்ணன், "மாப்ள, எனக்கு டீ மட்டும் குடு. மலைய நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாராம்.

2022ஆம் வருஷம் சலாம் அண்ணன்தான் மலை நடைக்குக் கூட்டிப்போகிற ஒரு குழுவைக் கண்டுபிடித்தார். உத்தராகண்டில் ஆறு நாள் நடை, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் ஒரு கணவாய். இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வேறு வழியாக ஊர் திரும்புவது. புரட்டாசியில் புறப்பாடு. என் கணவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அவர் கேட்டதே அதுதான். இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்குவது.

ஒரே தடை அவருடைய முதுகு. நின்று நின்று, குலுங்கிக் குலுங்கி, இடுப்புக்குச் சற்றுமேல் எலும்புக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. பெரம்பலூரில் பார்த்த டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடக்கறது பிரச்சனை இல்லைங்க. நல்லா நடங்க. ராத்திரி எதுல படுக்கறீங்கங்கறதுதான் பிரச்சனை. ஒரு ராத்திரி முதுகு பிடிச்சிக்கிச்சுன்னா மறுநாள் குனியக்கூட முடியாது" என்றார். குழுவில் கூடாரமும், உள்ளே நுழைந்து ஜிப் போட்டுக்கொள்கிற பஞ்சுப் பையும் தருவார்கள். கீழே விரிக்க ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் ஷீட். அதைப் போட்டோவில் பார்த்ததுமே அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆகவே மெத்தையை நாமே வாங்க வேண்டும். முதுகுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு மலை ஏறுகிற அளவுக்கு எடையில்லாமலும் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் அந்த மெத்தைதான் பேச்சு. பஸ்ஸிலும் அதேதான். செந்துறையிலிருந்து முந்திரி ஆலைக்குப் போகும் பச்சையம்மாள் என்றொரு அம்மாள் தினமும் அவர் பஸ்ஸில் வருவார். அவர் கேட்டாராம்:

"கண்டக்டரே, மெத்தை வாங்கப் போறீங்களாமே? பொண்ணுக்குக் கல்யாணமா?"

"எனக்குதாங்கம்மா. மலைக்குப் போறேன். அரைக் கிலோதான் இருக்கணும்."

"அரைக் கிலோவுல மெத்தையா? தலகாணிக்குள்ள பஞ்சே ரெண்டு கிலோ வரும். வாழ எலையில படுத்துக்கங்க, அதான் தோது."

பஸ்ஸே சிரித்ததாம். அதை வீட்டில் வந்து அவரே நடித்துக் காட்டினார்.

கடைசியில் ஆன்லைனில் இரண்டு வந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. இரண்டும் காற்றடைத்த மெத்தைகள். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். ஒன்று ஆரஞ்சு நிறம், மற்றது சாம்பல். ஆரஞ்சு மெத்தையின் உள்ளே ஏதோ ஜிகினாத் தாள் வைத்துத் தைத்திருந்தார்கள். புரண்டால் சிப்ஸ் பாக்கெட் போல மொறுமொறுவென்று சத்தம் வந்தது. சாம்பல் நிறத்துக்குள் வெறும் காற்றுதான்.

ரெஸ்ட் நாளில் இரண்டையும் தூக்கிக்கொண்டு செந்துறைக்கு வந்துவிட்டார். கவுண்டர் மூடுகிற நேரம். பார்சல் நிறுக்கிற தராசில் வைக்கச் சொன்னார்.

"ஆபீஸ் தராசுங்க இது."

"நானும் கவர்மெண்டுதான். வை."

ஆரஞ்சு ஐந்நூற்று எழுபது கிராம், சாம்பல் நானூற்று நாற்பது. போஸ்ட் மாஸ்டர் கிருஷ்ணமூர்த்தி சார் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எந்த ஊருக்குப் போகுது?" என்றார். "இமயமலைக்கு சார்" என்று இவர் சொன்னதும், "பின்கோடு எழுதலையே" என்றார். அவருக்கும் அன்று குஷி.

அது அக்னி நட்சத்திரம். மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை இருட்டியபிறகும் காலைச் சுட்டது. இரண்டையும் ஊதி வைத்தார். விசில் ஊதிப் பழகிய மூச்சு. இரண்டும் மூன்று அங்குலம் எழும்பி நின்றன. பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார்.

"நீங்கதானே போகப் போறீங்க? நான் எதுக்கு?"

"எனக்கு எங்க போட்டாலும் தூக்கம் வந்துடும் பானு. டயர் மேல போட்டாக்கூடத் தூங்குவேன். எனக்கு வித்தியாசம் தெரியாது. நீ படுத்துப் பாத்து எதுன்னு சொல்லு. நீ சொல்றதுதான்."

நான் ஆரஞ்சில் படுத்தேன். முதுகுக்குச் சுகமாகத்தான் இருந்தது. கால்மணி நேரத்தில் அடுப்பின்மேல் படுத்தமாதிரி ஆகிவிட்டது. என் உடம்புச் சூடு எனக்கே திரும்பி வந்தது. ஜாக்கெட் நனைந்து எழுந்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் படுத்தேன். உள்ளே காற்று அசைந்தது, முதுகு குளிர்ந்தது. அப்படியே தூங்கிப்போனேன். விடிந்துதான் எழுந்தேன்.

அட்டைப்பெட்டியில் ஓர் எண் போட்டிருந்தார்கள். ஆரஞ்சுக்கு நாலு புள்ளி இரண்டு, சாம்பலுக்கு ஒன்று புள்ளி மூன்று. எண் ஏற ஏறக் கதகதப்பு கூடும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். வாசித்துவிட்டு, "பாத்தீங்களா? சூடுன்னு அவனே எழுதியிருக்கான்" என்றும் சொன்னேன்.

"அங்க குளிருமே பானு?" என்று ஒருமுறை கேட்டார். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"குளிருக்குத்தான் அந்தப் பஞ்சுப் பை தராங்கல்ல? போத்திக்கப் போறீங்க. கீழ எதுக்குச் சூடு?"

அவர் யோசித்தார். இருபது வருஷத்துக்கு மேல் பஸ்ஸுக்குள் படுத்தவர். "அதுவும் சரிதான். எடையும் கம்மி" என்றார். எங்கள் இருவருக்கும் தெரிந்த தரை ஒன்றுதான். அது எப்போதும் சூடாகவே இருக்கும். குளிர் என்பது மார்கழியில் காற்றாக வந்து காதில் நுழைவது, துண்டைக் கட்டிக்கொண்டால் போய்விடுவது. நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். அந்தப் படிப்பு அன்றைக்கு மொட்டை மாடியில் என் கூட இல்லை.

ஆரஞ்சு மெத்தையைத் திருப்பி அனுப்பவும் இல்லை. சலாம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, தான் படுத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். ஓமான் பழக்கம், அவருக்கு ராத்திரி ஏசி பதினெட்டில் ஓட வேண்டும். மறுநாள் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"தம்பி, இது நமக்குத்தான். டைல்ஸ் தரை ஐஸா கெடக்குது, இதுல படுத்தா கீழ ஹீட்டர் போட்டமாரி இருக்கு."

பின்னாலிருந்து அவர் மனைவி ஹபீபாவின் குரல் கேட்டது: "தேக்குல கட்டில் செஞ்சு போட்டிருக்கு பானு. இந்த மனுசன் தரையில பலூன் மேல படுத்துக்கிட்டு கெடக்காரு. புரளும்போதெல்லாம் மிக்சர் திங்கிற சத்தம். நான் எங்க தூங்குறது?"

நாங்கள் சிரித்தோம். ஏசி அறையின் குளிர்ந்த தரையில் அது கதகதப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் சிரித்தோம்.

புரட்டாசியில் அவரையும் சலாம் அண்ணனையும் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டேன். இவர் முதுகில் பை, பைக்குப் பக்கத்தில் சுருட்டிய சாம்பல் மெத்தை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, காக்கி இல்லாமல், பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். ரயில் நகர்ந்ததும் கதவில் நின்றுகொண்டு பழக்க தோஷத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்படியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்போலவும் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் திரும்பி வந்தார். மூக்கு தோலுரிந்து, கறுத்து, கொஞ்சம் கூனி நடந்தார். சலாம் அண்ணன் லப்பைக்குடிக்காட்டுக்கு நேராகப் போய்விட்டார். நான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் பக்கம் எப்படிங்க இருந்துச்சு?"

"போகலை பானு. கடைசி நாள் மழை. மேல விடமாட்டேன்னுட்டாங்க. வந்த வழியே இறங்கிட்டோம்."

எனக்கு அழுகையே வந்தது. இருபது வருஷத்து ஆசை. அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். "கிட்டப் போயி பாத்துட்டேன்ல. அது போதும்." அவர் பையிலிருந்த துணிகளை ஊறப்போடும்போது ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். காய்ந்த தூசுதான் கொட்டியது. மழைச்சேறு எங்கே என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. களைத்து வந்த மனிதரை எதற்குக் குடைய வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் அவர் மலை வீடியோ பார்ப்பது குறைந்துபோனது. "அடுத்த வருஷம் போயிட்டு வாங்களேன்" என்று இரண்டு வருஷமும் சொன்னேன். ஒருமுறை லீவு கிடைக்கவில்லை என்றார். ஒருமுறை மகளின் காலேஜ் அட்மிஷன். "போதும் பானு, பாத்தாச்சு" என்றார் பிறகு. ஆசை தீர்ந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொண்டேன். சில பேருக்குக் கிட்டே போய்ப் பார்த்தாலே தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லியும் கொண்டேன். இரண்டாவது வருஷம் ஐப்பசியில், நல்ல மழை விட்ட ஒரு நாள், டூட்டி முடித்து வந்தவர், "இன்னிக்குப் பச்சமலை தெரிஞ்சுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கை கழுவப் போய்விட்டார். அந்தாண்ட என்ன இருக்கும் என்று கேட்கவில்லை.

போன தை மாதம், டூட்டிக்குக் கிளம்பக் காக்கிச் சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் மறுகையை நுழைக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பத்தோரு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கருப்பண்ணன் அண்ணன் நடுவாசலில் நின்று, "மாப்ள, டயமாச்சு எந்திரிடா" என்று கத்தியதைத் தவிர அந்த நாளில் வேறெதுவும் எனக்கு முழுதாக நினைவில்லை.

சலாம் அண்ணனும் ஹபீபாவும் அப்போது மகள் வீட்டுக்குத் துபாய் போயிருந்தார்கள். சித்திரையில் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக வந்தார்கள். சலாம் அண்ணன் அவர் படத்தின் முன்னால் போய் நின்றார். ஹபீபாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ நல்ல மனுசன். ராத்திரியெல்லாம் குளுருல வெறச்சி, முதுகு புடிச்சிக்கிட்டு, மேல ஏற முடியாம கீழயே உக்காந்துட்டாரே. இவரு அந்த ஆரஞ்சு மெத்தையில சொகமா படுத்திருக்காரு, பாவம் அவரு அந்த..."

"ஹபீபா!" என்றார் சலாம் அண்ணன்.

ஹபீபா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மழைன்னுதானே சொன்னாரு?" என்றேன்.

சலாம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மழை இல்ல தங்கச்சி. பளிங்கு மாரி வெயிலு."

சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார்.

முதலிரண்டு ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏற ஏற, மூன்றாம் ராத்திரி தரை ஐஸ் கட்டியாகிவிட்டது. போர்த்துகிற பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதுகுக்கு அடியில் நசுங்கிவிடுமாம். அங்கே குளிரைத் தடுப்பது மெத்தைதான். கூட வந்த வழிகாட்டி சாம்பல் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது கடற்கரையில் போட்டுப் படுக்கிற சாமானாயிற்றே என்றாராம்.

"மாத்திக்கலாம் தம்பின்னு சொன்னேன் தங்கச்சி. அல்லா மேல ஆணையா சொன்னேன். கேக்கல. ‘பாய், உங்களுக்குச் சுகரு. காலு மரத்துப்போனா உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்க படுங்க’ன்னுட்டாரு. சரி, ரெண்டு பேரும் ஒன்னுலயே ஒட்டிப் படுப்போம்னேன். ‘மூணு பேரு சீட்டுல அஞ்சு பேர உக்கார வச்சவன்தான் நான், ஆனா இது ஆவாது பாய்’னு சிரிக்கிறாரு. பல்லு அடிச்சிக்குது, சிரிக்கிறாரு."

நான்காம் ராத்திரி பதினோராயிரம் அடியில் கடைசி முகாம். இவர் தூங்கவே இல்லை. விடிந்தபோது ஷூ நாடாவைக் கட்டக் குனிய முடியவில்லை. சலாம் அண்ணன் கட்டிவிட்டார். இவர் நாலடி நடந்து பார்த்தார். வழிகாட்டி வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்கள் மேலே போனார்கள். கணவாயில் நின்று பார்த்துவிட்டு, என் கணவரைத் தனியாக விட்டு அந்தப் பக்கம் இறங்க மனமில்லாமல், சலாம் அண்ணன் மட்டும் ஓர் உதவியாளரோடு திரும்பி வந்தார்.

"நான் எறங்கி வர்றப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. சமையக்காரன்கிட்ட சுடுதண்ணி பாட்டில் வாங்கி முதுகுல வச்சிக்கிட்டு, ஒரு கல்லுமேல மேலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. காலைலேருந்து அங்கயேதானாம். என்னப் பாத்ததும் கேக்கறாரு, ‘அந்தப் பக்கம் எப்படி இருக்கு பாய்?’"

"என்ன சொன்னீங்க?"

"முன்னால ஒரே வெள்ள. அதுக்குக் கீழ பச்சையா ஒரு பள்ளத்தாக்கு. ரொம்பக் கீழ நூலு மாரி ஒரு ரோடு. அதுல ஒரு பஸ்ஸு போச்சு, தீப்பெட்டி அளவுக்குக்கூட இல்ல. சொன்னேன். கண்ண மூடிக்கிட்டு கேட்டாரு. முடிச்சதும், ‘கவர்மெண்டா, பிரைவேட்டா?’ன்னாரு."

ஹபீபா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது அவரேதான். அந்தக் குரல் என் பக்கத்தில் கேட்டமாதிரி இருந்தது, ஏழெட்டு நொடி.

"வூட்டுல சொல்லாதீங்க பாய்னு கையப் புடிச்சிக்கிட்டாரு" என்றார் சலாம் அண்ணன். "‘அவதான் படுத்துப் பாத்து எடுத்துக் குடுத்தா. தெரிஞ்சா ஆயுசு பூரா அதையே நெனச்சிக்கிட்டு இருப்பா. மழைன்னு சொல்லிக்கிடுவோம்’னாரு. அடுத்த வருசமும் கூப்புட்டேன், அதுக்கடுத்த வருசமும் கூப்புட்டேன். ‘வேற மெத்த வாங்கணும் பாய். ஏன்னு கேப்பா’ன்னாரு."

சலாம் அண்ணன் அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "கோவமா தங்கச்சி?"

"இல்லண்ணே. இருங்க, டீ போடறேன்" என்று உள்ளே போனேன்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் அந்த மலையிலிருந்து வந்தபிறகு இரண்டு வருஷமும் நான்கு மாதமும் இந்த வீட்டில் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். ரசம் உறைப்பு என்றார், மகளுக்குப் போன் போடு என்றார், கேஸ் புக் பண்ணு என்றார். எத்தனையோ பேச்சு. அதற்குள் எங்கேயும் இதை வைக்கவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தார், புரிகிறது. ஆனால் நான் அவ்வளவு உடைந்துபோகிறவள் இல்லையே. அது அவருக்குத் தெரியவில்லையே.

அன்றைக்குத் தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உன்னாலதாண்டி போச்சு, ஒரு மெத்தை எடுக்கத் தெரியல உனக்கு" என்று கத்தியிருக்கலாம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிக் கத்தியதில்லை. அந்த ஒருமுறை கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒருநாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். மறுநாள், "ஆமாங்க, தெரியாமத்தான் சொல்லிட்டேன். இந்தத் தடவ சூடானதையே வாங்குவோம்" என்று சொல்லியிருப்பேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போனில் தேடியிருப்போம். அடுத்த புரட்டாசியில் அவர் போயிருப்பார். அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்.